முதல் நிமிடத்தின் காவலர்: மருத்துவர் வர்ஜீனியா அப்கார்

மனிதர் அழுவதைக் கேட்டுச் சுற்றியிருப்போர் மகிழும் தருணம் வாழ்வில் ஒன்றே ஒன்றுதான். அது குழந்தை பிறந்தவுடன் எழுப்பும் முதல் அழுகை. அவ்வழுகை கேட்ட பின்னரே நம் இல்லங்களில் குழந்தையைத் துணியில் பொதிந்து தந்தையின் கையில் தருவர்; அதன் காதில் பாங்கு சொல்வர். தமிழ்ப் புலவர்கள் வளர்த்த பிள்ளைத்தமிழ் இன்னும் சற்றுப் பொறுத்தே தொடங்குகிறது. குழந்தையின் 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை 10 பருவங்களாகப் பகுத்துப் பாடும் அச்சிற்றிலக்கியத்தின் முதற்பருவம் காப்புப் பருவம் ஆகும்.

ஆனால் அழாத குழந்தையின் நிலை என்ன? தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்தும் மூச்சு விடாமல், கைகால் துவண்டு, நீலம் பாய்ந்த உடலோடு கிடக்கும் குழந்தைக்குக் காப்பு யார்? பாங்கொலி கேட்பதற்கு முந்திய அந்த ஒரு நிமிடத்தை மருத்துவ உலகம் நெடுங்காலம் கருத்தூன்றிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும், பார்த்ததை எண்ணிக் குறிக்க வேண்டும் என்றும், குறித்ததற்கேற்ப உடனே செயல்பட வேண்டும் என்றும் உலகுக்குக் கற்பித்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரே மருத்துவர் வர்ஜீனியா அப்கார். அவருடைய வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விழைவினால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் 1909ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 7ஆம் நாள் வர்ஜீனியா பிறந்தார். மூன்று குழந்தைகளில் அவரே இளையவர். தந்தையார் சார்லஸ் அப்கார் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர்; ஓய்வு நேரங்களில் வானியலிலும் கம்பியில்லாத் தந்தியிலும் ஆய்வு செய்து மகிழ்ந்தவர். உற்று நோக்கும் பழக்கமும் தாமே செய்து பார்க்கும் பழக்கமும் வர்ஜீனியாவுக்குத் தந்தை வழி வந்த செல்வங்கள் எனலாம். இசையும் அவ்வீட்டில் ஓயாது ஒலித்தது. சிறுவயதிலேயே அவர் வயலின் பயின்றார்.

அவ்வீட்டில் நோயின் நிழலும் படிந்திருந்தது. மூத்த தமையன் காசநோயால் இளமையிலேயே இறந்தான். இன்னொரு தமையன் தீராத நோயோடு வளர்ந்தான். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு முன்னரே, தாம் மருத்துவராக வேண்டும் என்னும் உறுதி அப்பெண்ணின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் விலங்கியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு பயின்று 1929இல் பட்டம் பெற்றார். கல்விச் செலவுக்காகப் பல பகுதிநேர வேலைகள் பார்த்தார். அவற்றுக்கிடையே விளையாட்டு, நாடகம், இசை, கல்லூரி இதழ் ஆகிய அனைத்திலும் முன்னின்றார். வறுமையைக் காரணம் காட்டிச் சோர்ந்துவிடும் மாணவர்கள் இப்பகுதியை இருமுறை படிப்பது நலம்.

அதே 1929இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சில வாரங்களிலேயே அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்து பெரும் பொருளாதாரச் சரிவு தொடங்கியது. கடன் வாங்கிப் படித்தார். 1933இல் வகுப்பில் நான்காமவராகத் தேறி வெளிவந்தபோது அவருடைய கையில் மருத்துவப் பட்டமும் தலைமேல் ஏறத்தாழ 4,000 டாலர் கடனும் இருந்தன.

அடைபட்ட வழியும் திறந்த வழியும்

அறுவை மருத்துவர் ஆவதே அவருடைய கனவு. அதற்குரிய பயிற்சியும் பெற்றார், திறமையும் வெளிப்பட்டது. ஆயினும் அவருடைய ஆசிரியரும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருமான ஆலன் விப்பிள் அவ்வழியில் தொடர வேண்டாம் என அறிவுறுத்தினார். தம்மிடம் பயின்ற பெண்கள் அறுவைத் துறையில் நிலைபெற முடியாமல் போனதை அவர் கண்டிருந்தார். அக்காலத்தில் பெண்ணிடம் அறுவை செய்துகொள்ள மக்கள் தயங்கினர். பொருளாதாரச் சரிவோ ஆண் மருத்துவர்களையே வாட்டிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் துறை வளராமல் அறுவைத் துறை வளராது என உணர்ந்திருந்த விப்பிள், வர்ஜீனியாவை அத்துறைக்கு ஆற்றுப்படுத்தினார்.

மயக்கவியல் அன்று மருத்துவத்தின் தனித்துறையாக மதிக்கப்படவில்லை. பெரும்பாலும் செவிலியரே மயக்க மருந்து கொடுத்து வந்தனர். வர்ஜீனியா முதலில் அச்செவிலியரிடமே பயின்றார். பின்னர் 1937இல் மாடிசன் நகரில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்பாரிடமும், அதனையடுத்து நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைன் என்பாரிடமும் பயிற்சி பெற்றார். 1938இல் தம் கல்லூரி மருத்துவமனைக்கே திரும்பி மயக்கவியல் பிரிவின் தலைவரானார். தலைவர் என்னும் பெயர் பெரிது. ஆனால் பல ஆண்டுகள் அப்பிரிவில் மருத்துவர் என்று இருந்தவர் அவர் ஒருவரே. அறுவை மருத்துவர்கள் மயக்கவியலாரைத் தமக்கு நிகராக ஏற்கவில்லை, ஊதியமும் குறைவு. பதினோராண்டுகள் அத்துறையை அவர் தோளில் சுமந்து வளர்த்தார்.

1949இல் அப்பிரிவு முழுத்துறையாக உயர்ந்தது. தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்திருக்க வேண்டும்; வரவில்லை. இமானுவேல் பாப்பர் என்னும் மருத்துவர் துறைத் தலைவரானார். அதே ஆண்டில் வர்ஜீனியா முழுப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். அம்மருத்துவக் கல்லூரியில் அப்பதவியை அடைந்த முதற்பெண் அவரே. பதவி கைநழுவியதை எண்ணி அவர் முடங்கிவிடவில்லை. நிருவாகச் சுமை நீங்கியதால் கிடைத்த நேரத்தை, எவரும் அதிகம் நாடாத ஓர் இடத்துக்குக் கொடுத்தார். அவ்விடம் மகப்பேற்று அறை.

ஒருவரும் நோக்காத குழந்தை

அன்றைய மகப்பேற்று அறையின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஓராண்டு நிறையாத குழந்தைகளின் இறப்பு குறைந்துகொண்டே வந்தது. தூய குடிநீர், தடுப்பூசி, நல்லுணவு ஆகியவை அக்குறைவுக்குத் துணைசெய்தன. ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்தில் நேரும் இறப்புகள் மட்டும் குறையாமல் நின்றன.

காரணம் என்ன? மகப்பேறு முடிந்தவுடன் மருத்துவரின் கவனம் தாயிடம் செல்லும். குருதிப்போக்கை நிறுத்த வேண்டும்; மயக்கம் தெளிகிறதா எனப் பார்க்க வேண்டும். குழந்தையைச் செவிலியர் துடைத்து ஓரமாகக் கிடத்துவர். அது தானாக அழுதால் நல்லது. அழாவிட்டால் முதுகில் தட்டுவர்; தலைகீழாகத் தூக்குவர்; சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறிமாறி அமிழ்த்துவர்; மூச்சைத் தூண்டுவதாக நம்பப்பட்ட மருந்தை ஊசிவழிச் செலுத்துவர். எந்தக் குழந்தைக்கு எந்த உதவி தேவை, எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான அளவுகோல் ஒன்றும் இல்லை. ஒரு மருத்துவர் நலம் என்று எழுதிய குழந்தையை இன்னொருவர் நலிவு என்று எழுதுவார். மூச்சு விடாத குழந்தை இறந்தே பிறந்ததாகக் கருதப்பட்டுக் கைவிடப்படுவதும் உண்டு.

அளவுகோல் இல்லாத இடத்தில் பிழை வெளிப்படாது. பிழை வெளிப்படாத இடத்தில் திருத்தமும் பிறக்காது. வர்ஜீனியா கண்ட உண்மை இதுவே.

ஐந்து அடையாளங்கள்

1949ஆம் ஆண்டில் ஒரு காலை, மருத்துவமனை உணவகத்தில் மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என்று அவரிடம் வினவினாராம். அது எளிது என்று சொல்லி, அருகிற் கிடந்த துண்டுத்தாளை எடுத்து, ஐந்து அடையாளங்களை அங்கேயே எழுதிக் காட்டினார் என்பர். எழுதிய கையோடு மகப்பேற்று அறைக்கு விரைந்து அதனைச் சோதிக்கவும் தொடங்கினார் என்றும் கூறுவர். ஒரு மாணவரின் வினா உலகத்துக்குப் பயன்பட்ட வரலாறு இது. வினா எழுப்பும் மாணவரும், வினாவை மதிக்கும் ஆசிரியரும் கூடும் இடத்திலேயே கல்வி நிகழ்கிறது.

அவ்வைந்தும் வருமாறு: இதயத் துடிப்பு, மூச்சு, தூண்டினால் எழும் எதிர்வினை, தசையின் உறுதி, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மூவகை மதிப்பெண். இதயம் துடிக்கவே இல்லையெனில் 0. நிமிடத்துக்கு 100க்குக் குறைவாகத் துடித்தால் 1. அதற்கு மேல் துடித்தால் 2. மூச்சில்லை எனில் 0. மெலிந்து ஒழுங்கின்றி வந்தால் 1. வீறிட்டு அழுதால் 2. தூண்டியும் அசைவில்லை எனில் 0. முகம் சுளித்தால் 1. தும்மினாலோ இருமினாலோ அழுதாலோ 2. கைகால் துவண்டு கிடந்தால் 0. சற்று மடங்கினால் 1. துடிப்போடு அசைந்தால் 2. உடல் முழுதும் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் 0. கைகால் மட்டும் நீலமாயின் 1. முழுதும் செம்மை பரவினால் 2. கூட்டினால் நிறைவு 10. மதிப்பிட வேண்டிய நேரம், குழந்தை பிறந்து 60 நொடிகள் ஆனபோது. பின்னர் ஐந்தாம் நிமிடத்திலும் மீண்டும் மதிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. பொதுவாக 7 முதல் 10 வரை நன்னிலை. 4 முதல் 6 வரை இடைநிலை. 3 அல்லது அதற்குக் கீழெனின் பெரும் இடர்.

இம்முறையை அவர் 1952இல் மயக்கவியலார் மாநாட்டில் எடுத்துரைத்தார். 1953இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கருவி வேண்டா; செலவு இல்லை; கண்ணும் காதும் விரலும் போதும். அறுவை அரங்குள்ள பெருநகர மருத்துவமனையிலும், சிற்றூர் மகப்பேற்று நிலையத்திலும் ஒரே தன்மையாகப் பயன்படும். சில சொற்களில் பெரும்பொருளை அடக்கி, மனத்தில் நிற்குமாறு யாப்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் நூற்பா என்றனர். வர்ஜீனியா செய்தளித்தது மருத்துவத்தின் நூற்பா. 1962இல் பட்டர்ஃபீல்டு என்னும் குழந்தை மருத்துவர் இன்னும் ஒரு நயம் கண்டார். தோற்றம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு ஆகிய ஐந்து சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் அப்கார் என்னும் பெயரே அமையும்படி அவற்றை வரிசைப்படுத்தினார். அதன்பின் அவருடைய பெயரை மறக்க மாணவர்க்கு வழியில்லாமல் போயிற்று.

தம் கையால் தமக்கு மதிப்பெண் கூடாது

மதிப்பெண் முறையில் அவர் வகுத்த ஒரு நெறி, ஆசிரியர்களாகிய நமக்குச் சிறப்பாகப் பயன்படும். குழந்தையை வெளிக்கொணர்ந்த மருத்துவரே மதிப்பெண் இடலாகாது. அவ்வறையில் உள்ள வேறொருவரே இட வேண்டும் என்றார். தம் கையால் பிறந்த குழந்தை நலமாக இருக்க வேண்டும் என்னும் ஆவல் கண்ணை மறைக்கும். 7 பெற வேண்டிய குழந்தை 10 பெற்றுவிடும். மாணவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்துவது போன்றது அது. அன்பு வேறு, அளவை வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

அத்தெளிவுக்கு அவரும் கட்டுப்பட்டார். ஸ்டான்லி ஜேம்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும், டங்கன் ஹோலடே என்னும் மயக்கவியல் ஆய்வாளரும் அவரோடு இணைந்தனர். பிறந்த குழந்தையின் குருதியில் உயிர்வளி எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என அளந்து, அவ்வளவுகளை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டனர். குருதியில் உயிர்வளி குன்றியிருப்பது பிறந்த குழந்தைக்கு இயல்பே என்னும் பழைய எண்ணம் அதனால் தகர்ந்தது. மதிப்பெண் குறைந்த குழந்தைகளின் குருதியில் உயிர்வளி குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருந்தமை புலனாயிற்று. அது இயல்பன்று, உடனே நீக்க வேண்டிய இடர் என்பது தெளிவாயிற்று.

இதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மகப்பேற்றின்போது தாய்க்குச் சைக்ளோபுரோப்பேன் என்னும் மயக்க வாயு கொடுத்தால், குழந்தை மிகுதியும் சோர்ந்து பிறந்தது. அவ்வாயு வர்ஜீனியா பெரிதும் விரும்பிப் பயன்படுத்தியது. முடிவைக் கண்டதும் அதற்கு விடைகொடுத்துவிட்டார். தாம் உருவாக்கிய அளவுகோல் தம் விருப்பத்துக்கே எதிராகத் தீர்ப்பளித்தபோது, அதை ஏற்றுக்கொண்ட அந்நேர்மையே அவருடைய அறிவியல் வாழ்வின் உச்சம் என நாம் கருதுகின்றோம்.

பின்னர் அமெரிக்காவில் 12 நிறுவனங்கள் கூடி 17,221 குழந்தைகளை ஆராய்ந்தன. மதிப்பெண், குறிப்பாக ஐந்தாம் நிமிடத்து மதிப்பெண், குழந்தைகளின் பிழைப்போடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புடையது என்பதை அப்பேராய்வு நிலைநாட்டியது. துண்டுத்தாளில் தொடங்கியது உலக வழக்காயிற்று.

மூச்சே முதல்

குழந்தைகளின் உயிர்மீட்பில் ஓர் அடிப்படை உண்மை உண்டு. முதியோர்க்குப் பெரும்பாலும் இதயமே முதலில் பழுதுறும். துடிப்பு தாறுமாறாகி நிற்கும். அதனால் மூச்சு நிற்கும். குழந்தைகளிடம் பெரும்பாலும் இம்முறை தலைகீழாகும். முதலில் மூச்சு முட்டும். குருதியில் உயிர்வளி வற்றும். அதனால் இதயத் துடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து இறுதியில் நிற்கும். எனவே, இதயம் நின்ற பின் ஓடுவதைவிட, மூச்சு தளரும்போதே அதனைக் கண்டு காற்றுக் கொடுப்பதே குழந்தையைக் காக்கும் வழியாகும்.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல்களில் காற்றில்லை, நீர்மமே நிறைந்திருக்கும். பிறந்தவுடன் இழுக்கும் முதல் மூச்சுகளே அந்நீர்மத்தை விலக்கிக் காற்றுக்கு இடம் செய்கின்றன. அம்மூச்சு எழாத குழந்தைக்கு நாம் காற்றைச் செலுத்த வேண்டும். தட்டுவதும் அமிழ்த்துவதும் நேரத்தை வீணாக்கும் செயல்கள் என வர்ஜீனியா எடுத்துரைத்தார். தேவையுள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாயில் மெல்லிய குழல் செருகி அளவான அழுத்தத்தில் உயிர்வளி செலுத்துவதைத் தாமும் செய்தார், பிறர்க்கும் பயிற்றுவித்தார். வீதியில் செல்லும்போதுகூட மூச்சுக்குழலும் சிறு கத்தியும் அவருடைய கைப்பையில் இருக்கும். தம் கண்முன் எவர் மூச்சும் நின்றுவிடக் கூடாது என்பதில் அவர் கொண்டிருந்த பிடிவாதம் உடன்பணியாற்றியோர் எல்லாரும் அறிந்தது. ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைத் திருமறை வாயிலாகச் சிறுவயது முதல் கேட்டு வளரும் நமக்கு, அப்பிடிவாதத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

ஐம்பதாம் அகவையில் மாணவர்

பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தபோது அவர் மீண்டும் மாணவரானார். தம் மதிப்பெண் முறையை நன்கு ஆராயப் புள்ளியியல் அறிவு தமக்குப் போதாது என எண்ணி, பணியிலிருந்து விடுப்புப் பெற்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1959இல் பொதுநலத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 50.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதற்காக 1938இல் தொடங்கப்பட்ட தேசிய அறக்கட்டளை, சால்க் தடுப்பூசி வெற்றிபெற்ற பின்னர்ப் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியை மேற்கொண்டிருந்தது. 1959இல் வர்ஜீனியா அந்நிறுவனத்தில் இணைந்தார். அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நாடு முழுதும் பயணம் செய்து பெற்றோரிடமும் மருத்துவரிடமும் செய்தியாளரிடமும் பேசினார். பிறவிக் குறையுள்ள குழந்தையை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் இருந்த காலம் அது. குறை யாருடைய பாவத்தாலும் வருவதன்று. காரணம் கண்டு தடுக்கத்தக்கது, பல நேரங்களில் சீர்செய்யத்தக்கது என்று எளிய மொழியில் விளக்கினார்.

1964-65இல் அமெரிக்காவில் ருபெல்லா என்னும் அம்மை பரவியது. கருவுற்ற தாயரை அது தாக்கியதால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பார்வை, செவி, இதயம் முதலியவற்றில் குறைகளோடு பிறந்தன. 1969இல் தடுப்பூசி வந்தபின் அதனை எல்லாரும் இட்டுக்கொள்ள வேண்டும் என அவர் ஓயாது வலியுறுத்தினார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பிறவிக் குறைபாட்டியலைக் கற்பித்தார். 1972இல் பெற்றோர்க்கென ஒரு நூலை ஜோன் பெக் என்னும் எழுத்தாளருடன் இணைந்து எழுதினார். முதல் நிமிடத்தில் தொடங்கிய அவருடைய அக்கறை, பிறப்புக்கு முந்திய திங்கள்களுக்கும் விரிந்தது.

இசைக்கருவி செய்த கைகள்

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் இசை அவரை விட்டு நீங்கவில்லை. கார்லீன் ஹட்சின்ஸ் என்னும் இசைக்கருவிக் கலைஞரிடம் அக்கலையைக் கற்றுத் தம் கையாலேயே வயலின், வியோலா, செல்லோ முதலான கருவிகளைச் செய்தார். மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டொன்றின் பலகை வியோலாவின் முதுகுக்கு ஏற்ற மரம் எனக் கண்டு, அவ்விருவரும் இரவோடு இரவாக அதைக் கழற்றி, அதனிடத்தில் வேறு பலகை பொருத்திய கதை இன்றும் நகையோடு சொல்லப்படுகிறது. மரத்தைத் தட்டி அதன் ஓசையைச் செவிமடுத்த அதே கைகளே, குழந்தையின் தொப்புள்கொடியைத் தொட்டு அதன் துடிப்பை எண்ணின.

1974ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள், தாம் பயின்று பணியாற்றிய கொலம்பியா மருத்துவ மையத்திலேயே அவர் உயிர் நீத்தார். அகவை 65. 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த 20 சென்டு அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது. அஞ்சல் தலை சேர்ப்பதில் ஆர்வம் மிக்கவரான அவருக்கு இது பொருத்தமான சிறப்பேயாகும்.

அவருக்குப் பின்

அப்கார் மதிப்பெண் இன்றும் உலகெங்கும் குறிக்கப்படுகிறது. எனினும் அதன் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். இன்றைய மருத்துவ நெறி, உதவி தொடங்க முதல் நிமிட மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கச் சொல்வதில்லை. பிறந்த நொடியிலிருந்தே துடைத்து, வெம்மையளித்து, மூச்சைக் கவனித்து, மூச்சு எழாவிடில் முதல் நிமிடத்துக்குள்ளேயே முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்த வேண்டும் என்கிறது. அந்நிமிடத்தைப் பொன்னான நிமிடம் என்றே அழைக்கின்றனர். காற்று நன்கு சென்ற பின்னரும் இதயத் துடிப்பு 60க்குக் கீழே நின்றால் மட்டும் நெஞ்சை அழுத்த வேண்டும். மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்பது கணக்கு. மூச்சை முதலில் வைத்த வர்ஜீனியாவின் வழி இங்குத் தொடர்வதைக் காணலாம்.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒரு குழந்தையின் பிற்கால அறிவையோ உடல்நலத்தையோ கணிக்கலாகாது எனவும் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஐந்தனுள் நிறம் என்னும் அடையாளம் கருநிற மேனியுள்ள குழந்தைகளிடம் உறுதியான சான்றாகாது என்னும் குறையும் சுட்டப்பட்டுள்ளது. கருநிறமும் மாநிறமும் மிகுந்த நம் மண்ணில் இது கருதத்தக்கது. அளவுகோலையும் அளந்து பார்ப்பதே அவர் கற்பித்த நெறி. எனவே இத்திருத்தங்கள் அவருக்குப் பெருமையே சேர்க்கும்.

1987இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதயக் கழகமும் இணைந்து, பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சியை முறைப்படுத்தின. இந்திய அரசு 2009இல் நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மகப்பேற்று அறையில் பணியாற்றும் செவிலியரும் மருத்துவரும் அழாத குழந்தைக்கு மூச்சளிக்கும் திறம் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 10 குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்க ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. நெஞ்சழுத்தம், மருந்து வரை செல்ல வேண்டியவை நூற்றில் ஒன்றினும் குறைவே. ஆகவே, பெரிய இயந்திரங்களைவிட, பயிற்சி பெற்ற இரு கைகள் தக்க நொடியில் அங்கே இருப்பதே இன்றியமையாதது.

நாம் கொள்ளத்தக்கது

நம் சமுதாயத்துப் பெரியோர்களும் இதில் கருத்துச் செலுத்தலாம். குழந்தையின் அழுகை கேட்டதா என வினவும் நாம், அழாவிட்டால் மூச்சளிக்கத் தெரிந்தவர் அங்கே உள்ளாரா எனவும் முன்கூட்டியே வினவலாம். நம் பிள்ளைகளுள், குறிப்பாக நம் பெண்மக்களுள், செவிலியம் பயில விழைவோர்க்குக் கைகொடுக்கலாம். வர்ஜீனியாவுக்கு மயக்கவியலின் முதற்பாடத்தைச் சொல்லித்தந்தவர்கள் செவிலியரே என்பதை மறத்தல் ஆகாது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வரலாறு எதற்கு என எவரேனும் கேட்கக்கூடும். உற்று நோக்குதல், நோக்கியதைச் சுருங்கச் சொல்லுதல், சொன்னதை மெய்ம்மையோடு ஒப்பிட்டுத் திருத்துதல் ஆகிய மூன்றும் எத்துறைக் கல்விக்கும் உயிர்நாடி. வர்ஜீனியா அப்கார் அறுவை மருத்துவராக விரும்பினார், இயலவில்லை. துறைத் தலைமைக்கு உரியவராயிருந்தார், கிட்டவில்லை. தமக்குக் கிடைத்த இடத்தில் நின்று, பிறர் நோக்காத ஓர் உயிரை நோக்கினார். அவர் நோக்கியதனால், ஓரத்தில் கிடத்தப்பட்டிருந்த குழந்தை மகப்பேற்று அறையின் நடுவிடத்துக்கு வந்தது. இன்றும் எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறக்கிறது. ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் இரு விரலால் துடிப்பை எண்ணுகிறார். அழுகை எழுகிறது. அதன்பின் வெளியே காத்திருக்கும் தந்தையிடம் குழந்தையைக் கொடுக்கின்றனர்.